மஞ்சள் வைத்த மூலை

நான் வந்து குடியேறிய வெளிநாட்டு ஊரான பாபடோயிட்டோயில் ஒரு மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் நாங்கள் ஒரு போரைத் தைத்துக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னர் பிரான்ஸ் பக்கத்திலிருந்து ஒருவன் கப்பலில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போய் இங்கிலாந்தைப் பிடித்தானாம். அந்தக் கதை முழுவதையும் யாரோ பெண்கள் நீளத் துணியில் கம்பளி நூலால் தைத்து வைத்திருக்கிறார்கள். அதன் படத்தைப் பார்த்து அப்படியே ஒரு பிரதி செய்வதுதான் எங்கள் வேலை. ஆளுக்கொரு துண்டு. முடிந்ததும் இணைத்துச் சுவரில் தொங்கவிடுவார்கள்.

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். படங்களுக்கு மேலே இருந்த லத்தீன் எழுத்தோ அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். என் தையலை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. என் துண்டும் அந்தச் சுவருக்குப் போக வேண்டும் என்று இருந்தேன்.

துணியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கீழ்மூலையில் மஞ்சள் தடவினேன். புதுத்துணி வந்தால் கை தானாக மஞ்சளுக்குப் போய்விடும். பிறகு தைக்கத் தொடங்கினேன். மேலே குதிரைகள், கீழ்க்கரையில் செத்தவர்கள். வென்றவர்கள் அவர்களின் உடுப்பைக்கூட உரிந்துகொண்டு போகிறார்கள். அந்த வெறும் உடம்புகளுக்குச் சுற்றிவர ஒரு கோடுதான். உள்ளே தையல் இல்லை. மூலையில் கிடந்தவனின் வயிற்றில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

குழுவை நடத்தும் வெள்ளைக்காரப் பெண்மணி அதைக் கண்டுவிட்டார். என்னைக் காரில் கூட்டிப்போகும் சென்னைப் பிள்ளைதான் மொழிபெயர்த்தாள்.

"அம்மா, இந்தக் கறை போகாதான்னு கேக்குறாங்க."

"கறையோ? மஞ்சள் எண்டு சொல்லு பிள்ளை."

"சொல்லிட்டேன். மூலையை வெட்டிட்டு ஒட்டுப் போடலாமாம்."

"மஞ்சள் வைச்ச மூலையை வெட்டுறதோ? என்ர துண்டு வேண்டாமெண்டால் விடச் சொல்லு."

அவள் சிரித்தாள். "அது சரி, செத்தவனுக்குப் போய் யாராச்சும் மஞ்சள் வைப்பாங்களா?"

"அவனுக்கு ஆர் வைச்சது? துணிக்கெல்லோ வைச்சது."

கடைசியில் அந்தப் பெண்மணி, நூலால் மறைத்துக்கொண்டு வந்தால் அடுத்த வியாழன் இணைக்கலாம், இல்லாவிட்டால் முடியாது என்றார்.

மறைப்பதென்றால் அவனுக்குள்ளே நிரப்பித் தைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அவன் உடுத்தவன் ஆகிவிடுவான், பிரதி பிழையாகிவிடும். ஊசியை வைத்துக்கொண்டு யோசித்தேன். சண்டைக்குப் பயந்து நாங்கள் ஊரை விட்டு ஓடிய நாளில் ரோட்டோரம் செத்துக் கிடந்தவர்களைக் கடந்துதான் வந்தோம். ஒரு முகம் தெரிந்த முகம். போர்த்திவிட எங்களிடம் ஒரு துணியும் மிஞ்சியிருக்கவில்லை.

நீலக் கம்பளியை எடுத்து, கழுத்திலிருந்து முழங்கால்வரை இடைவெளி இல்லாமல் நெருக்கித் தைத்தேன். அவசரப்படவில்லை.

வியாழக்கிழமை அந்தப் பெண்மணி கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"ஏன் இப்படின்னு கேக்குறாங்கம்மா."

"மறைக்கச் சொன்னவ. மறைச்சிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு பக்கத்துத் துண்டை எடுத்து என் துண்டின் ஓரத்தோடு சேர்த்து ஊசி குத்தினார்.

மண்டபத்தில் தொங்கவிட்ட அன்று நல்ல மழை. ஈரக் கோட்டோடு வந்த ஒருவர் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். சென்னைப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"இவன் மட்டும் ஏன் துணி போட்டிருக்கான்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

"குளிருது எண்டு சொல்லு" என்றேன்.