நேற்றுப் பார்த்த தலை

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் வீரபாகு யாரையும் நம்பமாட்டார். சாரல் அடிக்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொள்வார். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் போட்ட சங்கிலியைக் கடித்துப் பார்த்தே முன்பல்லைத் தொலைத்தவர். சங்கிலி அசல் தங்கம்தான். பல்தான் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.

இந்தச் சீசனில் அருவிக்கரையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிறவன் வேண்டுமென்றே கொட்டிவைத்தான் என்று சத்தம் போட்டார். உருண்டு கிடந்த பாட்டிலோ அவருடையது. மனைவி குருவம்மாள் தென்காசிக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுக்கவைத்தாள். எலும்பில் முறிவு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மனுஷர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சீசன் கூட்டம் காத்திருந்தது, கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் ஸ்கேன் எடுத்த ஜெஸ்வின் போன் செய்தான். புதிதாக வந்த மென்பொருளில் படத்தைப் போட்டுப் பார்த்ததில் மண்டையோட்டில் கீறல் தெரிகிறது, உள்ளே ரத்தம் கசியலாம், உடனே வரவேண்டும் என்றான். அப்போதுதான் வீரபாகுவுக்குப் பழைய புத்தி திரும்பியது. வலியக் கூப்பிடுகிறவனை நம்பலாமா, சோழியன் குடுமி சும்மா ஆடாது என்றார். கண்ணைத் திறக்க முடியாத தலைவலி, வாந்தி வேறு. அப்படியும் அசையவில்லை. பின்னால் குருவம்மாள் சொல்லிக் கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. குருவம்மாள் அழுது புரண்டுதான் ஆட்டோவில் ஏற்றினாள்.

ஸ்கேன் சென்டர் திரையில் ஒரு முழு மண்டையோடு மெல்லச் சுழன்றது.

"இது எந்தலைதான்னு என்ன நிச்சயம்?" என்றார் வீரபாகு.

ஜெஸ்வின் அதன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. வீரபாகுவின் நாக்கு தன்னால் அந்த ஓட்டையைத் தேடிப் போனது. பிறகு பின்பக்கம் திருப்பினான். குறுக்காக, மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது.

"அப்போ நேத்துப் பாத்தது யாரு தலை?"

"அதுவும் ஒங்க தலைதான் அண்ணாச்சி. வெள்ளரிக்காய வட்ட வட்டமா நறுக்கிப் பாக்க மாதிரி பாத்தோம். கத்தி போற வாக்குலயே கீறலும் போயிருக்கு, கண்ணுல படல. துண்டையெல்லாம் முழுசா சேத்த பொறவுதான் தெரியுது."

மறுபடி எடுத்த ஸ்கேனில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்ததும் அவர் குருவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பயந்துபோயிருந்தார்.

"ஏட்டி, நேத்து ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போன்னு சொன்னாங்கல்லா. எம் ஆயுசுல அது ஒண்ணத்தாம்டி நம்புனேன்."