அம்மாவுக்கு முளைத்த ரத்தக்குழாய்

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். வெட்கக்கேடுதான், என்ன செய்ய! கூலிக்குக் கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருப்பவள் திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். "ஒண்ணும் இல்லடி, கேஸு. ஓடிப்போய் ஒரு சோடா வாங்கினு வா" என்பாள். பாதியைக் குடித்து ஏப்பம் விட்டுவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவாள். அவளுக்கு அடிக்கடி கேஸ் வர வேண்டுமென்று சாமியிடம் வேண்டிக்கொண்டதுகூட உண்டு.

நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் வலி சோடாவுக்கு அடங்கவில்லை. அவளுக்கு வேர்த்து ஊற்றியது. அப்பா கண்டாச்சிபுரத்தில் கார் பிடித்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் டாக்டர் எங்கள் மூன்றுபேரையும் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் அம்மாவின் இருதயத்தைக் காட்டினார். பெரிய ரத்தக்குழாய் ஒன்று முழுசாக அடைத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு சல்லிவேர் மாதிரி மெல்லிய குழாய்கள் ஓடின.

"உடம்பே புதுசா வழி போட்டுக்கிச்சும்மா. அதான் பொழைச்சீங்க. ஆனா இது பத்தாது, ஆபரேஷன் பண்ணணும். எவ்ளோ நாளா வலி?"

"ரெண்டு நாளாதாங்க சார்" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் முந்திக்கொண்டு பதில் சொல்கிற ஆள் நான். "இல்ல சார்! நான் ஒண்ணாவது படிக்கும்போதுலேர்ந்தே அம்மா சோடா குடிச்சிக்கினு இருக்குது!"

டாக்டர் அந்தச் சல்லிவேர்களை விரலால் தொட்டுக் காட்டினார். "பாப்பா சொல்றதுதான் சரி. ரத்தம் பத்தாம ரொம்ப நாள் தவிச்சாதான் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வளரும்" என்றார்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரில் யாருக்குமே முளைக்காதது அம்மாவுக்கு முளைத்திருக்கிறது, இந்த அப்பா ஏன் இப்படிப் பேஜார் பண்ணுகிறார்? ஆபரேஷன் நல்லபடியாக முடியும்வரை நான் வார்டு முழுக்க அந்தப் பெருமையைச் சொல்லித் திரிந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த திண்டிவனத்து அக்காவிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தினி வருசம் எப்படிம்மா தாங்கினே?" என்றாள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். என் அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நல்ல சேதி சொன்ன என்னை விட்டுவிட்டு, அந்த அக்காவின் கையை அவள் ஏன் அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.