காணிக்கையாகிப் போன மடக்கு மேடை

ஆரோக்கியதாஸ் கந்தர்வக்கோட்டைப் பேருந்தில் நடத்துனர். வண்டி எந்த வளைவில் எப்படிச் சாய்ந்தாலும் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிப்பார். இந்த ஒரு திறமையை நம்பித்தான், தன் வீட்டுச் சுவருக்குத் தானே பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்தார்.

கருவிகள் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டன. கைபேசியில் தள்ளுபடி என்று எது வந்தாலும் வாங்கிவிடுவார். குழாயே போடாத தோட்டத்துக்குக் குழாய் திருகும் சாவி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டு ரசமட்டம். ஒரே சுவரில் வைத்தால் ஒன்று நேர் என்னும், மற்றது கோணல் என்னும். பட்டித் தகடு, உப்புத்தாள், ரோலர், ட்ரில் எல்லாம் பீரோவில், மனைவி ஷீபாவின் பட்டுப் புடவைகளுக்கு மேலே அடுக்கியிருந்தன.

ஒரு நாள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஷீபா புடவையை உருவினார். சுத்தியல் காலில் விழுந்தது.

"இந்தா பாருங்க. ஈஸ்டர் முடிஞ்சு சாமியாரு தீர்த்தம் தெளிச்சு வீடு மந்திரிக்க வர்றதுக்குள்ள கூடத்துக்குப் பெயிண்ட் அடிச்சு முடிக்கணும். முடிக்கலேன்னா மூக்கன்கிட்ட விட்டுருவேன். கூலிக்குப் பதிலா இந்த இரும்பு பூராத்தையும் அவனையே அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லிருவேன்."

மூக்கன் அடுத்த தெருப் பெயிண்டர். சேதி அன்றைக்கே அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"கண்டக்டரண்ணே, அந்த ட்ரில்லுக்கு அப்பப்ப சார்ஜ் போட்டு வைங்க. பேட்டரி வீணாப் போயிரும்."

ஆரோக்கியதாஸ் அன்றே கைபேசியில் பாதி விலைக்கு ஒரு மடக்கு மேடை வாங்கினார். அலுமினியத்தில் செய்தது; இரு பக்கமும் படி, நடுவில் ஆள் நின்று நடக்கிற அளவுக்குப் பலகை. மடக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பெரிய சாமான் எது வந்தாலும், மோட்டார் சைக்கிளோ மிக்சியோ, சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் தொடமாட்டார்கள். அதுவும் ஆள் ஏறி நிற்கிற சாமான். ஆனால் பங்குச் சாமியாருக்கு மூன்று ஊர். பூசை முடிந்த கையோடு வண்டியை முறுக்கிவிடுவார். பூசைக்கு நடுவிலேயே பிடித்தால்தான் உண்டு என்று ஆரோக்கியதாஸ் கணக்குப் போட்டார்.

ஞாயிறன்று பூசை நடுவில் காணிக்கைப் பவனி பீடத்தை நோக்கிக் கிளம்பியது. முன்னால் ஒருவர் பூசணிக்காய், அடுத்தவர் வாழைத்தார், அதற்கு அடுத்தவர் கால் கட்டிய சேவல். கடைசியில் ஆரோக்கியதாஸ், தோளில் மேடையுடன் போனார். போகிற வழியில் இரண்டு பேர் தலை குனிந்தார்கள், பக்தியால் அல்ல. பலகை இடித்துவிடும் என்று.

சாமியார் மேடையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மைக்கைப் பிடித்தார்.

"பூசணியும் சேவலும் எப்பவும் போல ஏலத்துக்குப் போகும். இது போகாது. அந்தோணியார் சுருபத்துக்கு மாலை போட ஏறி ஏறி உபதேசியாருக்கு முட்டி தேஞ்சு போச்சு. அதப் பார்த்துத் தானா முன்வந்து குடுத்த ஆரோக்கியதாஸ் குடும்பத்துக்காக வேண்டிக்குவோம்."

கோவிலே கை தட்டியது. கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் மரியசெல்வம் மேடையை வாங்கி, பூசைச் சாமான் வைக்கும் சக்கிரீஸ்து அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஷீபா ஆரம்பித்தார்.

"ஏங்க, ஏணியத் தூக்கிக்கிட்டுக் காணிக்கையில போவாங்களா?"

"மந்திரிக்கத்தான் கொண்டு போனேன்."

"அப்ப போயித் திருப்பிக் கேளுங்க."

"ஊரே கை தட்டிருச்சு ஷீபா. கை தட்டுனதத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

வேறு வழியில்லாமல், கை எட்டும் உயரம் வரைக்கும் வேலையைத் தொடங்கினார். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் இளநீல டிஸ்டெம்பர். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் பாதிச் சுவர்தான். மூக்கன் வந்து பார்த்தார்.

"அண்ணே, எல்லாரும் மேல இருந்து கீழ வருவாங்க. நீங்க கீழ இருந்து மேல போறீங்களே, நேரா மோட்சத்துக்கா?"

ஆரோக்கியதாஸ் கோவிலுக்கு ஓடினார்.

"உபதேசியாரே, மேடையக் கொஞ்சம் தாங்க."

"குடுத்துட்டுத் திருப்பிக் கேட்டா நல்லாவா இருக்கு?"

"திருப்பிக் கேக்கல. எரவலாக் கேக்குறேன்."

"குருத்து ஞாயித்துக்கு ஒட்டடை அடிக்கணும். பெரிய வெள்ளிக்குச் சுருபத்த மூடணும். ஈஸ்டருக்கு சீரியல் லைட்டு. எல்லாம் முடியட்டும், பார்ப்போம்."

எல்லாம் முடிந்தபோது வீடு மந்திரிக்கும் நாளே வந்துவிட்டது. அன்று காலை மேடை கைக்கு வந்தது. ஆரோக்கியதாஸ் கீழ்ச் சுவரைப் பழைய வேட்டியால் மூடிவிட்டு ஏறினார். பட்டி, பிரைமர் எதற்கும் நேரமில்லை, டிஸ்டெம்பர் மட்டும்தான். ஒரு கால் தரையில் பதியாமல் மேடை ஆடியது. தன் பேருந்து ஓடும் கறம்பக்குடி சாலை இதைவிட மோசம் என்று நினைத்துக்கொண்டு ரோலரை உருட்டினார்.

வாசலில் மூக்கன் காலிச் சாக்குடன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் மணிச் சத்தம் கேட்டது.

"அக்கா, சாமி வந்துட்டாரு. இன்னும் மூலை பாக்கி."

"நீ சாக்க மடி. இன்னும் வாசப்படி மிதிக்கல," என்றார் ஷீபா. புருஷன் பக்கம் திரும்பி, "உருட்டுங்க, உருட்டுங்க!" என்று கத்தவும் செய்தார்.

சாமியார் உள்ளே கால் வைத்தபோது ரோலர் மூலையைத் தொட்டது. இறங்கப் போன ஆரோக்கியதாஸைச் சாமியார், "அப்படியே நில்லுங்க," என்று கையமர்த்தி, தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். ஈரச் சுவரில் விழுந்த தண்ணீர் நீலத்தைக் கரைத்துக்கொண்டு கோடு கோடாக இறங்கியது. ஜெபம் முடிவதற்குள், கூடம் மழையில் நனைந்த வரிக்குதிரை போல ஆகிவிட்டது.

சாமியார் அடுத்த வீட்டுக்குப் போனதும் மூக்கன் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களாக்கா? போச்சு! பூராத்தையும் சுரண்டிட்டு மறுபடி அடிக்கணும். அந்த ட்ரில்ல எடுத்து வைங்க."

ஷீபா சுவரைப் பார்த்தார். மேடை மேல் நின்றவரைப் பார்த்தார். தலை, மீசை எல்லாம் நீலம்.

"தீர்த்தம் பட்ட சுவத்தச் சுரண்டுவியா நீ? கைய வச்சுப் பாரு!"

"அப்ப இத இப்படியேவா விடுவீங்க?"

"இப்படியேதான். சாமி வர்றதுக்குள்ள முடிக்கச் சொன்னேன், முடிச்சுட்டாரு. அதுக்கப்புறம் வழிஞ்சதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

மூக்கன் சாக்கை மடித்து சைக்கிள் கேரியரில் செருகினார். கூடத்தை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

விருந்தாளிகள் சுவரைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் ஷீபாவே சொல்லிவிடுகிறார்: "இந்தக் கோடு பூரா மந்திரிச்சதுங்க. நாற்காலியச் சுவத்துல உரசாமப் போடுங்க." ஆரோக்கியதாஸ் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. உள் அறையில் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.