மலைச் சாலை, எண் ஏழு

நான் ஒரு முறைகூடப் போகாத ஊர் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். செம்மண் சாலை ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும். மூன்றாவது வளைவில் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. அங்கே எப்போதும் மழை. புகைபோக்கியிலிருந்து வரும் புகை மழைக்குள் எழ முடியாமல் கூரை மேலேயே படுத்துக் கிடக்கும். கறுப்பு மணல் போல வந்து இறங்கும் தாதுவை உள்ளே உருக்கி வெள்ளீயமாக வார்ப்பார்கள். காலையில் கம்பெனி பஸ் பூந்தமல்லியைத் தாண்டியதும் எனக்குக் கண் சொக்கும். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை இடப்பக்கம் வரும்போது நான் அந்த ஊரில் இருப்பேன். பஸ்ஸிலிருந்து பார்த்தால் கரைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. கரைக்கு அந்தப் பக்கம் அந்த மலை இருந்தாலும் இருக்கலாம் என்று அரைத்தூக்கத்தில் தோன்றும். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் திரும்பும் குலுக்கலில் விழித்துக்கொள்வேன். ஒரகடம் போய்ச் சேரும்வரை காதில் மழைச் சத்தம் மட்டும் மிச்சமிருக்கும்.

நான் மின்னணுப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், சப்ளையர்களின் தரத்தைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஓய்வுக்கு முந்தைய நான்கு ஆண்டுகள் எனக்கு ஒரு கூடுதல் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். உலகின் சில மூலைகளில் ஆயுதக் கும்பல்கள் சுரங்கங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, துப்பாக்கி முனையில் ஆட்களைத் தோண்ட வைக்கின்றன. தோண்டியதை விற்று மேலும் துப்பாக்கி வாங்குகின்றன. வெள்ளீயம், தங்கம், டங்ஸ்டன், டான்டலம் என்று அப்படி வருகிற உலோகங்கள் பல கை மாறிக் கடைசியில் செல்போனுக்குள்ளும் காருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஆகவே வெளிநாட்டு வாடிக்கையாளர் எங்களைக் கேட்பார், உங்கள் பொருளில் உள்ள வெள்ளீயம் எந்த உருக்காலையிலிருந்து வந்தது என்று. நாங்கள் எங்கள் சப்ளையர்களைக் கேட்போம். அவர்கள் தங்கள் வியாபாரியைக் கேட்க வேண்டும். இப்படியே கேட்டுக்கொண்டு போனால் ஒருநாள் அந்தக் குழிக்குள் இருக்கும் மனிதனின் தலை தெரியும் என்பது திட்டம்.

திட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. அதை ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றியதும் நடந்ததுதான் வேறு. நிரப்பாத கட்டம் சிவப்பாக இருக்கும், நிரப்பினால் பச்சையாகும். என்ன நிரப்பினோம் என்பதைப் பற்றி அந்தத் தாளுக்குக் கவலையில்லை. ஆங்கிலத்தில் "தெரியாது" என்று எழுதினால் மட்டும் சிவப்பாகவே நிற்கும். முப்பது நாளில் எல்லாக் கட்டமும் பச்சையாகவில்லை என்றால் அந்த சப்ளையரின் குறியீட்டு எண் கணினியில் பூட்டப்படும். பூட்டிய எண்ணுக்கு யாரும் ஆர்டர் போட முடியாது. இந்த நடைமுறையை எழுதியவன் நான். நன்றாகவே எழுதியிருந்தேன்.

கடைசி ஆண்டில்தான் எல்லா சப்ளையர்களிடமிருந்தும் படிவங்கள் வந்து சேர்ந்தன. பாதிக்குமேற்பட்ட சப்ளையர்கள் ஒரே உருக்காலையைக் குறிப்பிட்டிருந்தார்கள். முகவரி, மலைச் சாலை, எண் ஏழு. பெயரை எங்கோ பார்த்த ஞாபகம் இருந்தது. தொழில் இதழ் ஏதாவது ஒன்றில் படித்திருப்பேன் என்று வைத்துக்கொண்டேன். இருக்கைக்குப் பின்னால் உலக வரைபடம் ஒன்றை ஒட்டி, சப்ளையர்களிடமிருந்து உருக்காலைக்கு நூல் கட்டியிருந்தேன். அந்த ஊர் வரைபடத்தில் அகப்படவில்லை. சின்ன ஊராக இருக்கும் என்று, அந்த நாட்டில் மலை இருக்கும் பக்கமாகப் பார்த்து ஒரு ஊசியைக் குத்தினேன். அதில் வந்து சேர்ந்த நூல்களின் அழகைப் பார்க்க மற்றப் பிரிவுக்காரர்களும் வந்துபோனார்கள். மழையும் கொட்டகையும் எனக்குள் வந்தது அந்த நாட்களில்தான்.

அப்போது ஒரு முற்பகலில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், இது ஈயம் உருக்குகிற கம்பெனியா என்று கேட்டது. தவறான எண் என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டேன்.

எல்லாப் படிவங்களும் பச்சையான பிறகும் ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது. இருங்காட்டுக்கோட்டையில் செம்பு முனைகளுக்கு வெள்ளீயம் பூசித் தரும் ஒரு சிறிய பட்டறை. அதை நடத்துபவர் காஞ்சிபுரத்துப் பக்கத்து அம்மா, ஐம்பதை நெருங்குபவர். வெள்ளீயம் வந்த இடம் என்ற கட்டத்தில் "தெரியாது" என்று எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு முறை நினைவூட்டினேன். இரண்டு முறையும் அதே பதில். முறைப்படி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டு, முறைப்படியே நேரில் சந்திக்கப் போனேன். உண்மையில் எப்படியாவது ஒரு பெயரை எழுத வைத்துவிட்டு வரத்தான் போனேன்.

சிப்காட் தொழிற்பேட்டையின் பின்பக்கத் தெரு அது. இருபக்கமும் வாடகை அறைகள், மாடிக் கொடிகளில் பலநிறச் சீருடைகள். பட்டறைக்குள் இரண்டு தொட்டிகள் மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கையுறை போட்ட பெண்கள், பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள், மங்கலான செம்பைக் கம்பியில் கோத்து இறக்கி, நிலாத் துண்டுகளாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றால் தூக்கம் வரும்.

"பத்து வருசமா வேல சுத்தமா கீதான்னு ஒருத்தரும் வந்து பாக்கல," என்றார் அந்த அம்மா, நாற்காலியைத் துடைத்துப் போட்டபடி. "ஒரு கட்டம் செவப்பாயிட்டா மட்டும் நேர்லயே வந்துடறீங்க."

தொட்டியருகே இருந்த பெண் ஒருத்தி, "அக்கா, சாருக்கு டீ வாங்கியாரவா?" என்று கேட்டாள்.

"வாங்கிணு வா. சக்கர கம்மியா போடச் சொல்லு, ஏற்கெனவே கோவமா வந்துகீறாரு."

மற்ற எல்லோரும் எழுதிவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி என்று சொன்னேன். அவர்களுக்குத் தெரிந்திருக்கும், எழுதியிருப்பார்கள் என்றார். பிறகு தான் செய்ததையெல்லாம் சொன்னார். ஈயக்கட்டி விற்கும் பாரிமுனை வியாபாரியிடம் கேட்டிருக்கிறார். அவர் மும்பைக்காரரைக் காட்டினார். மும்பைக்காரர், கப்பலில் வருகிறது அம்மா, கப்பலைப் போய்க் கேளுங்கள் என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதற்குள் பக்கத்துப் பட்டறைக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவத்தைப் போட்டிருந்தார். இது பாஸாகிற படிவம், கம்பெனி பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று குறிப்பு வேறு. நம் வட்டாரத்தில் இது வழக்கம்தான். தீயணைப்புச் சான்று விண்ணப்பத்திலிருந்து தர அறிக்கை வரை ஒருவர் பாஸாக்கியதை ஒரு தெருவே எழுதும். உதவி என்றுதான் அதற்குப் பெயர்.

"நானும் மாத்திப் போட்டுடலாம்னுதான் உக்காந்தேன்," என்றார். "அப்புறம் பாத்தா, இத்தினி பேருக்கு ஈயம் குடுக்கற கம்பெனி, நம்பளுதும் அங்கேர்ந்துதான் வருதான்னு ஒரு வார்த்த கேட்டுட்டா இன்னான்னு தோணிச்சி. நம்பர் போட்டிருந்திச்சே. போன் பண்ணேன்."

டீ வந்தது. அதை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"எடுத்தவரு ராங் நம்பர்ன்னுட்டு வெச்சிட்டாரு. கொஞ்சம் முசுடு. வெளிநாட்டுக் கம்பெனி, நம்பரு மட்டும் நம்மூரு நம்பரா கீதேன்னு நெனச்சிக்கினே இருந்தேன். நேத்து உங்க லெட்டர் வந்திச்சி."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிய படிவத்தின் அச்சு. மலைச் சாலை உருக்காலையின் தொடர்பு எண்மேல் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. மற்றொன்று என் எச்சரிக்கைக் கடிதம். அதன் அடியில் என் மேசையின் நேரடி எண். அங்கேயும் ஒரு வட்டம். எண் ஒன்றுதான்.

"அப்ப எல்லாருடைய ஈயமும் உங்க டேபிள்லதான் சார் உருகுது."

அவர் சிரிக்கவில்லை. நான் டீயைக் குடித்தேன். கொட்டகையும் மழையும் மூன்றாவது வளைவும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. அவற்றின் பின்னால், நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மதியமும் வந்து நின்றது. சப்ளையர்களுக்குப் பயிற்சி வகுப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடத்தில் ஒரு மாதிரிப் படிவம் தயாரிக்க வேண்டியிருந்தது. வெற்றுக் கட்டம் பச்சையாகாது. ஆகவே மேசைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு பெயர், கையில் வந்த ஒரு நாடு, தோன்றிய ஒரு சாலை. தொலைபேசிக் கட்டத்துக்கு எண்கள் வேண்டும், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் என்னுடையது. பச்சையான கட்டத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று பிறகு நான் பார்த்ததே இல்லை. "மாதிரி மட்டும்" என்று கீழே பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தேன். அச்செடுத்தபோது அந்த வரி இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தைப் பார்க்கிறவர்களை நான் என் பணிக்காலத்தில் அதிகம் சந்தித்ததில்லை. அதன்பின் நான் ஆக்கிய ஊருக்கு நானே நூல் கட்டி, நானே குடிபோயிருக்கிறேன்.

எழுந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். எங்கள் சப்ளையர் எண்ணைப் பூட்டிவிடுவீர்களா? பூட்டினால் ஒரு தொட்டியை நிறுத்த வேண்டும், ஆறு பெண்களை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார். "அதுல ரெண்டு பொண்ணுங்க போனா திரும்ப வர முடியாது சார். மாப்ள பாத்து வெச்சிருக்காங்க, வேல இருக்குன்னுதான் தள்ளிப்போட்டுக்கினு கீதுங்க." டீ வாங்கி வந்த பெண் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். அந்த இருவரில் அவள் ஒருத்தி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

தொழிற்சாலைக்குத் திரும்பி, என்னைவிட இருபது வயது இளையவரான கொள்முதல் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வாடிக்கையாளருக்கு அறிக்கை போய்விட்டது, எல்லாம் பச்சை, உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம் என்று வரிசைப்படுத்தினார். அந்தம்மாவும் அதே வரியை எழுதிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லையே என்றார். "சிவப்பா இருக்கறது அவங்க ஒருத்தர்தான் சார். நீங்க எதுக்கு எல்லாரையும் சிவப்பாக்கணும்?"

அது நியாயமான கேள்வி. அன்று மாலை பஸ்ஸில் கண்ணை மூடினேன். மலைச் சாலை வந்தது, மழையும் வந்தது. கொட்டகைக்குள் ஆள் இல்லை. ஒரு மேசை, அதன்மேல் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு தொலைபேசி. இந்தப் படிவம் யாருக்காகப் பிறந்ததோ, அந்தக் குழிக்குள் இருக்கும் மனிதன், ஒருவேளை நாங்கள் தேடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தால், அவன் அழைப்பும் இப்படித்தான் என் மேசைக்கு வந்து, தவறான எண் என்று திரும்பிப் போயிருக்கும்.

நடைமுறைகளை அறிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. தப்பிக்கும் வழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். மாட்டிக்கொள்ளும் வழியும் தெரியும். நடைமுறைக் கையேட்டின் ஒன்பதாம் பிரிவில், சப்ளையர் தெரியாது என்று எழுதினாலும், தேடியதற்குச் சான்று இருந்தால் ஏற்கலாம் என்று நானே எழுதியிருந்தேன். யாரும் எந்தச் சான்றையும் இணைக்காததால் சரிபார்ப்புப் பட்டியலிலிருந்து அதை நானே எடுத்தும் விட்டிருந்தேன். மறுநாள் காலை முதல் வேலையாக அவருடைய கோப்பைத் திறந்தேன். பாரிமுனைக்கும் மும்பைக்கும் பேசிய விவரத்தை எழுதினேன். அதன் கீழே, "சப்ளையர் உருக்காலையைத் தொலைபேசியில் அழைத்து, அது இல்லாத உருக்காலை என்று கண்டுபிடித்தார். அழைப்பை எடுத்தவர் இதில் கையெழுத்திடுபவர்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, நகலை அவருக்கும் அனுப்பினேன். பிறகு மலைச் சாலையைக் குறிப்பிட்டிருந்த எல்லாப் படிவங்களையும் திருப்பி அனுப்பினேன். வாடிக்கையாளருக்குத் திருத்த அறிக்கையும், என்மேல் ஒரு தவறு அறிக்கையும் தயாரித்தேன். தவறு அறிக்கையில் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுப் பதில் எழுத வேண்டும். மூன்றாவது ஏனிலேயே பிஸ்கட் டப்பா வந்துவிட்டது.

எனக்கு ஒரு கண்டனக் குறிப்பு வந்தது, நகல் ஏழு பேருக்கு. என் பணிக்காலத்தில் அது ஒன்றுதான். வரைபடத்தைக் கழற்றினேன். ஊசி இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது. அந்த அம்மாவின் எண் பூட்டப்படவில்லை. இரண்டு தொட்டிகளும் ஓடின.

பதினைந்து நாளில் அந்த சப்ளையர்களின் புதிய படிவங்கள் வந்தன. எல்லோரும் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். தேடியதற்குச் சான்றாக எல்லோரும் பாரிமுனையில் ஒரே வியாபாரியிடம் பேசியிருந்தார்கள், மும்பையில் ஒருவர் எல்லோரிடமும் கப்பலைக் கேட்கச் சொல்லியிருந்தார். ஒருவர் பட்டறையின் பெயரைக்கூட மாற்ற மறந்திருந்தார். இந்த முறை பாஸான படிவம் எது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அத்தனையையும் மீண்டும் திருப்பி அனுப்பினேன். ஓய்வுபெறும் நாளில் அவற்றில் நான்கு உண்மையாகத் திரும்பி வந்திருந்தன. நான்கு என்பது குறைவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு மழையில்லாத ஐப்பசி முற்பகலில் அந்த அம்மா என் செல்போனுக்கு அழைத்தார். பாரிமுனை வியாபாரி விடாமல் நச்சரித்ததில், மும்பைக்காரர் கடைசியில் ஒரு உருக்காலையின் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டாராம். சர்வதேச அழைப்பு எப்படிப் போடுவது என்று டீ வாங்கி வந்த அந்தப் பெண்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்தாங்க சார். இன்னா பாஷைன்னே புரியல. மெயில் அட்ரஸ் மட்டும் ஒண்ணொண்ணா எழுத்து சொல்லி வாங்கினு எழுதி அனுப்பிகீறேன். தாது எங்கேர்ந்து வாங்கறீங்கன்னு கேட்டிருக்கேன். ஆனா அது நெசம் ஊருதான் சார். தகரத்து மேல மழ பேஞ்சிக்கினு இருந்திச்சி. நல்லாக் கேட்டிச்சி."

பதில் வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.