காலெழுத்து

"கொஞ்சம் சிவப்பா வரட்டும்" என்பதுதான் அவள் தொழிலில் கேட்ட முதல் கட்டளை. சொன்னவர் ஸ்டூடியோ முதலாளி. தக்காளி சிவப்பு, மிளகாய் சிவப்பு. எந்த மனிதன் சிவப்பு? ஆனால் வேலை மனுவில் ஒட்டப் படம் எடுத்துக்கொள்ள வருகிற பெண்களின் முகத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். ஒருநாள் ஒரு பெண்ணின் படத்தை இருந்தபடியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போனாள். திரும்பி வந்து கத்தியது அவளுடைய அப்பா.

"உனக்கு உண்மைதான் வேணும்னா கோர்ட்டுக்குப் போம்மா. இங்க போட்டோ மட்டும்தான்" என்றார் முதலாளி.

அடுத்து ஒரு தொண்டு நிறுவனம். அங்கே கட்டளை தலைகீழ்: "கொஞ்சம் பாவமா வரட்டும்." சிரிக்கிற குழந்தை ஆண்டறிக்கைக்கு ஆகாதாம். செருப்பைக் கழற்றச் சொல், மூக்கைத் துடைக்காதே என்றார்கள். "சார், அது புதுச் செருப்பு. அந்தப் பையன் அதைக் காட்டத்தான் வந்து நிக்கிறான்" என்றாள். அந்த வேலையும் போயிற்று. ஏழையை வெளுப்பதும் வியாபாரம், கறுப்பாக்குவதும் வியாபாரம். இருக்கிறபடி விட்டால் மட்டும் வாங்க ஆளில்லை.

அப்படித்தான் அவள் தனக்குத் தானே முதலாளியானாள். கல்லூரி ஆண்டுவிழாவையும் கம்பெனிக் குழுப் படங்களையும் எடுத்துச் சம்பாதிப்பாள். சம்பாதித்ததை ஆவணப்படத்தில் கொட்டுவாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவர்களைப் பற்றி ஒரு படம், பஸ் பணிமனையைப் பற்றி ஒரு படம். தொழிற்சங்க அறையிலும் கல்லூரி வகுப்பிலும் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினாள். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். கை தட்டலை அரிசிக் கடையில் மாற்ற முடியாது.

"உன் படத்துல ஒருத்தராவது பாட்டுப் பாடறாங்களா, ஒருத்தராவது ஓடிப் போறாங்களா? எல்லாரும் வேலையே பாத்துக்கிட்டிருந்தா எவன் காசு குடுத்துப் பாப்பான்?" என்பாள் அம்மா. நியாயமான கேள்விதான்.

வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் அக்காவின் தலையில். அக்கா பெரிய ஜவுளிக்கடையில் திரைச்சீலைப் பிரிவில் விற்பனைக்காரி. "பிரிச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா மடிக்கிறது என் பாடு" என்று அவள் சொல்லிச் சிரிக்கிற சிரிப்புக்காகவே ஜன்னல் இல்லாதவர்களும் திரைச்சீலை வாங்கிப் போவார்கள் என்று கடையில் வேடிக்கையாகப் பேசுவார்கள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கடை திறந்திருக்கும்வரை விற்பனைக்காரிகள் உட்காரக் கூடாது. கூட்டம் இருந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஓட்டினாலும் நிற்க வேண்டும். சாய்ந்தால்கூட வந்து நிற்பார் மாடி மேனேஜர். ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் வருவதால் அவருக்குப் பெயர் பூனை. ஸ்டூல் என்ற பொருளே அந்த மாடியில் கிடையாது. இருந்தால்தானே உட்காரத் தோன்றும்?

ஒரு விடுமுறை நாளில் அக்கா வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன.

"என்னக்கா இது?"

"என் தலையெழுத்துடி."

"தலையில எங்க எழுதியிருக்கு? காலுலல்லவா எழுதியிருக்கான்! எழுதினவன் மாடியில ஏசி ரூம்ல உக்காந்திருக்கான்."

அக்கா சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே அடுத்த படத்துக்குப் பெயர் வைத்துவிட்டாள்: காலெழுத்து.

கடைப் பெண்கள் வார விடுமுறையில் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதுதான் எல்லோருக்கும் பயம். முகத்தை மங்கலாக்குவது அவளுக்குப் பிடிக்காது. அப்படிச் செய்தால் பறிகொடுத்தவளும் திருடினவனும் ஒரே மாதிரி தெரிவார்கள் என்பாள். அதனால் கேமராவைத் தரையோடு இறக்கி, முழங்காலுக்குக் கீழே மட்டும் எடுத்தாள். வீங்கிய கணுக்கால்கள், பிய்ந்த குதிகால்கள், ஒற்றைக் காலில் நின்று மற்றதுக்கு ஓய்வு கொடுக்கும் நாரை வித்தை. மற்ற பெண்கள் காலைக் காட்டினார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. பேசியதெல்லாம் அக்காதான். காசு மிச்சம் பிடிக்க ஒலிப்பதிவுக்காரரைக்கூடக் கூப்பிடாமல் தங்கையே பதிவு செய்தாள். நகர நூலக அரங்கில் திரையிட இடம் கிடைத்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திரையிடலுக்கு முந்தின வாரம் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அம்மாவும், பழைய சிநேகிதரான ஒலிப்பதிவுக்காரரும் இருந்தார்கள். சினிமாவில் எல்லோரும் அவரைச் 'செவிடு' என்றுதான் கூப்பிடுவார்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் தலையை நீட்டினாள்.

"என்ன, பெரியவளுக்கு இன்னிக்கு லீவா? சிரிப்புச் சத்தம் தெரு வரைக்கும் கேக்குதே."

அக்கா வீட்டில் இல்லை. திரையில் இரண்டு கால்கள் மட்டும் இருந்தன. அக்காவின் குரல் இருந்தது.

செவிடு காதைச் சொறிந்துகொண்டார். "முகத்தை மூடிட்டு வாயைத் திறந்து விட்டுட்டியேம்மா! போட்டோக்காரி போட்டோக்காரிதான். காதுன்னு ஒண்ணு மனுஷனுக்கு இருக்குறதே உனக்கு ஞாபகம் வரல."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாள் அந்தக் காட்சிகளை வெட்டி ஒட்டியிருக்கிறாள்! ஒவ்வொரு நரம்பும் மனப்பாடம். ஊரே அறிந்த குரல் மட்டும் அவள் காதில் விழவேயில்லை.

அக்கா வந்ததும் தங்கை விஷயத்தைச் சொன்னாள். "வேற யாரையாவது பேச வைக்கிறேன்க்கா. இல்லன்னா பேச்சையே எடுத்துடறேன்."

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

"காலு."

"பேசாத காலு கடையிலயே முப்பது ஜோடி நிக்குது. அதைப் பாக்க உன் படம் எதுக்குடி?"

"வேலை போயிடும்க்கா."

"போகும்."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வாடகையை யாருடி குடுப்பா? இவ படமா குடுக்கும்?"

"இப்படியே நின்னா இன்னும் எத்தனை நாள் நான் குடுப்பேன்? இனிமே நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும்ல?" என்றாள் அக்கா. தங்கையின் பக்கம் திரும்பினாள். "எடுக்கிறதை முழுசா எடு. மூஞ்சியையும் எடு. காலை மட்டும் காட்டினா, 'எவ காலோ'ன்னுட்டுப் போயிடுவான். அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் போடு."

இதுவரை தங்கை எத்தனையோ பேரிடம், "தைரியமாப் பேசுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரியின் தைரியத்தைப் படம் பிடிப்பது சுலபம். தன் வீட்டு உலை கொதிப்பது யார் உழைப்பில் என்று தெரிந்துகொண்டு கேமராவை நிமிர்த்தியபோது ஃபோகஸ் தப்பியது. மறுபடியும் தப்பியது.

"பாஸ்போர்ட் போட்டோவுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகாதேடி" என்றாள் அக்கா. பிறகு நேராகப் பார்த்துப் பேசினாள்.

நூலக அரங்கு பாதிக்கு மேல் நிறைந்தது. கடைப் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தும் பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள், பழக்கம். அக்கா திரும்பிப் பார்த்து, "உக்காருங்கடி, இங்க பூனை கிடையாது" என்று அதட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

பூனைக்குச் செய்தி போக இரண்டு நாள்தான் ஆயிற்று. அக்காவை மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். அன்று மத்தியானமே அவள் வீடு திரும்பியதைப் பார்த்ததும் தங்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது. அக்கா பையை வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"'உக்காரும்மா'ன்னாருடி பூனை! அந்தக் கட்டடத்துல எனக்கும் நாற்காலி உண்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வேலையை விட்டு அனுப்புறதுக்கு!"

"உக்காந்தியா?"

"பின்னே? தண்ணி கேட்டேன். குடுத்தாங்க. மெதுவாக் குடிச்சேன். அவரு வாட்சைப் பாக்கிறாரு. 'அவசரம்னா நீங்க கிளம்புங்க சார், நான் கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்'னுட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய் ஒரு பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள். தங்கையின் கை தானாகவே கேமராப் பைக்குப் போயிற்று.

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அக்கா. இப்போது அவள் கண்ணில் சிரிப்பு இல்லை. தங்கை கையை எடுத்துக்கொண்டாள். வெந்நீர் வைக்கப் போனாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்து வேலை தேடிக் கிளம்பினார்கள். கேமரா வீட்டில் கிடந்தது. முதல் கடைக்காரர், முன்னே எங்கே வேலை பார்த்தாய், ஏன் விட்டாய், எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று அடுக்கிக்கொண்டே போனார். அக்கா கவுன்டரின் மேல் கையூன்றி, பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் சொல்றேன் சார். முதல்ல ஸ்டூல் எங்க இருக்குன்னு காட்டுங்க."