‘எதுவும் ஒட்டாது’: மயிலாடியில் நனைய மறுத்த அம்மன்

இது திட்டமிட்டுப் போன பயணம் இல்லை, கோபத்தில் கிளம்பிப் போனது. அதனால் வழக்கமாக நான் போடும் அருவிப் படமும் சூரிய உதயமும் இதில் கிடைக்காது. பஸ், ஆட்டோ விவரம் மட்டும் சரியாக இருக்கும்.

போன புதன்கிழமை மதியம் கோவையில் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தேன். (புதிதாக வந்தவர்களுக்கு: நான் வேதியியல் ஆசிரியை. லீவு கிடைத்தால் ஊர் சுற்றுவேன்.) தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது ஒரு பெண்.

"டீச்சர், நான் மயிலாடியில இருந்து சுயம்புகனி பேசுதேன். எங்க வீட்டுக்காரரு செஞ்ச அம்மன் செலையில வெள்ளம் பிடிக்க மாட்டேங்கு. நீங்க எழுதுனத நம்பித்தான் அந்த மருந்த வாங்கி அடிச்சோம்."

"அங்கே அவ்வளவு மழையா?" என்று கேட்டேன். கன்னியாகுமரிக்காரர்களுக்குக் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பாவம், அந்த அம்மா சிரிக்கக்கூட இல்லை. போனை வைத்த கையோடு ஒரு நோட்டீஸின் படத்தை அனுப்பினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. இரண்டு வருடத்துக்கு முன் இதே மாவட்டத்துத் தாமரைக் குளம் ஒன்றைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். இலை மேல் தண்ணீர் உருண்டு நிற்கும் அந்தப் படம் நோட்டீஸில் முழுப் பக்கத்துக்கு இருந்தது. மூலையில் இருந்த என் வலைப்பூவின் பெயரை வெட்டி எடுக்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. கீழே என் வரிகள், எழுத்து மாறாமல்: "மூலக்கூறுகளை யாரும் அடுக்குவதில்லை. அவை தாமாகவே கூடி அணிவகுத்து நிற்கும். இதே போன்ற படலத்தைக் கல்லின் மேலும் வளர்க்கலாம். பிறகு எதுவும் ஒட்டாது." கடைசி இரண்டு சொல் மட்டும் சிவப்பில், கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே கல்லுக்குப் பூசும் ஏதோ ஒரு ‘நானோ’ திரவத்தின் டப்பா. கம்பெனியின் பெயரை இங்கே எழுதி அவர்களுக்கு விளம்பரம் தேடித்தர மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை கோவையில் ரயில் ஏறி, சனிக்கிழமை காலை ஐந்தே காலுக்கு நாகர்கோவிலில் இறங்கினேன். அந்த நேரத்தில் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஆட்டோ பிடித்தேன். சுசீந்திரம் வழியாக மயிலாடிக்குப் பதினொரு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். எதற்குப் போகிறேன் என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

"நானோவா? எனக்க ஆட்டோ சீட்டுக்கும் ஒருத்தன் நானோன்னு சொல்லி அடிச்சிட்டுப் போனான் கேட்டியளா? ஒரு மழையில ஒலிச்சுப் போச்சு."

"ஒலிச்சுப் போச்சா? கொடுத்து வைத்தவர் நீங்கள். இங்கே போகாமல் நிற்பதுதான் பிரச்சினை" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மயிலாடியில் காலை ஆறு மணிக்கே கல் அறுக்கும் மிஷின் சத்தம் ஆரம்பித்துவிடுகிறது. சாலையின் இரண்டு பக்கமும் பிள்ளையார், யானை, சிலுவை, ஆட்டுக்கல், ஓட்டல் வாசலில் வைக்கும் நடனப் பெண் என்று வெள்ளைத் தூசியில் வரிசையாக நிற்கின்றன. சுயம்புகனியின் கணவர் செல்லப்பன் அண்ணாச்சியின் பட்டறை தகரக் கூரை போட்டது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். பேசுவதெல்லாம் சுயம்புகனி அக்காதான். கட்டன் சாயாவும் இரண்டு மட்டி வாழைப்பழமும் கொடுத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

ஓட்டல் தோட்டங்களுக்குச் செய்து கொடுக்கும் சிலைகள் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடுகின்றன என்று புகார். அதற்காகத்தான் அந்தத் திரவத்தை வாங்கியிருக்கிறார்கள். தோட்டத்துச் சிலைகளில் நன்றாகவே வேலை செய்தது. அதே நேரத்தில் பூதப்பாண்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் முத்தாரம்மன் சிலையும் முடிந்து நின்றது. டப்பாவில் மிச்சம் இருந்தது.

"சாமிக்குத்தானே, நல்லா இருக்கட்டும்னு ரெண்டு கோட்டா அடிச்சோம்" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரும் பாலும் எண்ணெயும் சந்தனமும் வாங்கப்போகிற ஒரு கல்லுக்கு, எதையும் ஏற்காத பூச்சு. அதுவும் பக்தியில், இரண்டு கோட்டு.

கோயிலில் சிலையை நிறுவும் முன் சில நாள் தண்ணீரில் மூழ்கவைப்பார்கள், ஜலாதிவாசம் என்று பெயர். மூன்றாம் நாள் ஊரே கூடி நிற்க, அம்மனை மேலே தூக்கியிருக்கிறார்கள். சிலை காய்ந்து இருந்தது! நாலைந்து துளி மட்டும் உருண்டு விழுந்ததாம். எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், வழிந்து ஓடியது. சந்தனம் சாத்தினார்கள், காய்ந்ததும் தகடு தகடாக உதிர்ந்தது. அம்மன் அபிஷேகத்தை ஏற்கவில்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் அதோடு விடவில்லை. பட்டறையில் தீட்டுப் பட்டிருக்கிறது, வீட்டுப் பெண் யாரோ சிலையைத் தொட்டிருக்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். சிலை திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு பட்டறையில் வாங்கிக்கொள்வார்களாம். வியாழக்கிழமை கும்பாபிஷேகம்.

"அந்த ஊரு சொன்னா மத்த கோயிலுக்காரங்களும் நம்ப மாட்டாங்க டீச்சர். தீட்டுப் பட்ட பட்டறைன்னு பேரு வந்துச்சுன்னா பின்ன எந்தச் சாமியும் இஞ்ச வராது" என்றார் அக்கா. பிறகு குரலைத் தணித்து, "தொட்டேன். முதுகுப் பக்கம் ரெண்டாவது கோட்டு அடிச்சது நான்தான். அவரு வெளிய சொல்லப்பிடாதுன்னுட்டாரு."

அங்கேயே உட்கார்ந்து நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மிக மரியாதையானவர். "தண்ணி ஒட்டலைன்னா அது சக்ஸஸ்தானே மேடம்?" என்றார். என் எழுத்தை ஏன் திருடினீர்கள் என்றேன். "நல்லா எழுதியிருந்தீங்க, அதான் போட்டோம்" என்றார். பூச்சை எடுப்பதற்கு வழி என்ன என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். அதற்குத் தனியாக ஒரு ரிமூவர் இருக்கிறதாம், விலை பூச்சைவிட இரண்டு மடங்கு. நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. செல்லப்பன் அண்ணாச்சி அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அம்மனின் தோளில் ஊற்றினேன். முத்து முத்தாக உருண்டு, கல்லை நனைக்காமல் கீழே ஓடியது. அழகாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். அந்தத் திரவத்தில் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குக் கருங்கல் பிடிக்கும், போய் ஒட்டிக்கொள்ளும். வாலுக்குத் தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. தலைகள் கல்லைப் பிடித்ததும் வால்களெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும். வரிசையில் நில் என்று யாரும் சொல்ல வேண்டாம். தற்கூடல் என்று வகுப்பில் நடத்துவோம். மேலே வரும் தண்ணீருக்குக் கல் தெரியவே தெரியாது, வால்கள் மட்டும்தான் தெரியும். அப்படி நிற்கும் ஒரு வரிசையின் தடிமன் தலைமுடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு கோட்டு, கூட ஏதோ நுண்துகள் என்று வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம்தான். கருங்கல் அதை உள்ளே அதிகம் குடிக்காது. ஆகவே மேல்தோலைத் தேய்த்தால் போய்விட வேண்டும்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தேச்சா மூக்கும் நகமும் மழுங்காதா?"

"மிஷின் வைத்தால் மழுங்கும். கையால் தேய்த்தால், போதும் என்கிற இடத்தில் நிறுத்தலாம்."

"நல்ல வேளை, இன்னும் கண்ணு தொறக்கல்ல" என்றார். சிலைக்குக் கண் திறந்த பிறகு அதன் மேல் கருவி எதுவும் படக்கூடாது. நான் ஒரு வாரம் தாமதித்திருந்தால் வேதியியல் எதற்கும் உதவியிருக்காது.

போதும் என்கிற இடம் எது என்று எப்படித் தெரியும்? பட்டறைக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் கண்ணில் விடும் சொட்டு மருந்து ஒன்று வாங்கி, கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். ஒரு இடத்தில் ஒரு சொட்டு. சொட்டு உருண்டையாக எழுந்து நின்றால் படலம் இருக்கிறது. பரவிக் கல் கறுத்தால் போய்விட்டது. ஆய்வகத்தில் இதை அளக்க லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி வைத்திருக்கிறோம். சுயம்புகனி அக்கா பத்து நிமிடத்தில் அந்தக் கருவியை மிஞ்சிவிட்டார்.

"இந்தா, இடது முட்டுக்குக் கீழ நிக்கு. இஞ்ச சாக்பீஸ் போடுங்கோ."

சனி முழுவதும், ஞாயிறு முழுவதும் இதே வேலை. அண்ணாச்சி தேய்ப்புக் கல்லும் தண்ணீருமாக முகத்தையும் கைகளையும் எடுத்துக்கொண்டார். முதுகை அக்கா எடுத்துக்கொண்டார். விரலிடுக்குகளுக்கு ஈர்க்குச்சியில் உப்புத்தாள் சுற்றிக் கொடுத்தார்கள், அது என் பங்கு. என் கட்டைவிரலில் இன்னும் தோல் வரவில்லை. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு எல்லா இடத்திலும் சொட்டு பரவியது. அக்கா ஒரு குடம் எடுத்துத் தலையில் ஊற்றினார். அம்மன் உச்சி முதல் பாதம் வரை கறுகறுவென்று நனைந்து நின்றாள்.

திங்கள் காலை ஏழரைக்குச் சிலையைக் குட்டியானை மினி லாரியில் ஏற்றினோம். தோவாளையில் மாலை வாங்க அரை மணி நேரம் நிறுத்தினார்கள். இந்த வழியாகப் போனால் கோயிலுக்கு மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு பக்கமும் வயல். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வண்டியில் நின்ற சிலையின் மேல் பூசாரி குடத்தைச் சாய்த்தார். கல் நனைந்தது. எண்ணெய் வைத்தார், ஏறியது. சந்தனத்தை அள்ளி மார்பில் சாத்தினார், நின்றது. கூட்டத்தில் குலவைச் சத்தம். கமிட்டித் தலைவர் கையைக் கூப்பி, "தோஷம் கழிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு இல்லை, செல்லப்பன் அண்ணாச்சியின் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தலைவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"தோஷம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, அது கோட்டிங். ரெண்டாவது கோட்டு அடிச்சது நான்தான். தேச்சு எடுத்ததும் நான்தான். அம்மனுக்க மேல எனக்க கை படாத எடம் கெடையாது. வேண்டாம்னா இப்பமே சொல்லுங்கோ, வண்டி நிக்கி."

செல்லப்பன் அண்ணாச்சி தலை குனியவில்லை, அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி சந்தனத்தைப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மா, "பெத்தவ கை படாத புள்ள உண்டுமா? எறக்கி உள்ள வைங்கலே" என்று அதட்டினார். நாலு பேர் சிலையைத் தூக்கினார்கள்.

இனி போகிறவர்களுக்கு. நாகர்கோவில் மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மயிலாடிக்கு டவுன் பஸ் உண்டு, முக்கால் மணி நேரம் ஆகும், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் நாகர்கோவிலில் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வாடகையில் தங்கினேன், சுத்தமான அறை. பட்டறைகளைப் பார்க்கக் காலை ஒன்பதுக்கு முன் போங்கள், பிறகு தூசி தாங்காது, முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். கல்லுக்குப் பூச்சு வாங்குவதாக இருந்தால், அந்தக் கல்லின் மேல் வாழ்நாள் முழுக்க என்னென்ன விழப்போகிறது என்று முதலில் யோசியுங்கள்.

கடைசியாக எனக்கு. நோட்டீஸ்காரர் மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் ரயிலில் திரும்பும்போது என் பழைய பதிவைத் திறந்து படித்தேன். அவர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ‘எதுவும்’ என்பது என் சொல். எதுவும் என்றால் என்னென்ன என்று யோசிக்காமல், வாக்கியம் அழகாக முடிகிறதே என்று போட்ட சொல். அதை நம்பித்தான் ஒரு பெண் தன் அம்மனுக்கு இரண்டு கோட்டு அடித்தார். அந்தச் சொல்லை இப்போது அடித்துவிட்டேன். அழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டிருக்கிறேன், தெரியட்டும். பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "சாமிக்குப் பூசாதீர்கள், அவள் நனைய வேண்டியவள்."

நோட்டீஸ் அடிப்பவரே, இதையும் திருடிக்கொள்ளுங்கள். சிவப்பில் போடுங்கள்.