காதில் கிடந்த பரிசு

“நல்லா இழுத்துப் பாருங்க, கவரிங்கு இல்ல” என்று நரிக்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் காதைச் சாய்க்கிறாள் சூசையம்மாள். அந்தப் பெண்ணும் சும்மா விடவில்லை. தோட்டைத் திருப்புகிறாள், திருகாணியை நெருடுகிறாள், கடைசியில் “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

சூசையம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காதில் கிடப்பது கல்யாணத் தோடு. அவள் விற்கும் குலுக்கல் சீட்டுக்கு விழப்போகும் பரிசும் அதுதான். ஊர்க் கண்மாய்க்கரையில் நட்டிருக்கும் வேம்புக்கும் புங்கைக்கும் மழை வரும்வரை டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அதற்குப் பணம் சேர்க்கத்தான் இந்தச் சீட்டு. போன கோடையில் நட்டதில் பாதிக்குமேல் கருகிப்போனது. பச்சையாக மிஞ்சியதை அதே ஊர் பால்சாமியின் ஆடுகள் முடித்துவைத்தன. இந்தத் தடவையும் காய்ந்தால் ஊரில் இனி ஒருத்தரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள் என்ற பயம் அவளுக்கு.

முதலில் தோட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு, போனில் படம் காட்டித்தான் சீட்டு விற்றாள். இந்தப் பக்கத்து ஜனங்களிடம் அது நடக்குமா? கண்ணால் பார்த்துக் கையால் தொட்டால்தான் தங்கம். அதனால் காதிலேயே மாட்டிக்கொண்டு திருச்சுழி, வீரசோழன் என்று அலைகிறாள். ஆளாளுக்கு இழுத்ததில் காது சிவந்து வீங்கிவிட்டது. வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. “எத்தன கிராமு?” என்றுதான் கேட்கிறார்கள்.

“செடிக்குத் தண்ணி ஊத்தத் தோட்டக் கழட்டுறவள இப்பத்தான் பாக்குறேன்” என்பார் புருசன் சவரியப்பன்.

“வருசா வருசம் அடகுக் கடைக்குப் போயிட்டு வார தோடுதான? இந்தத் தடவ திரும்பி வராது, அம்புட்டுத்தான்” என்று செருப்பை மாட்டுவாள்.

போன கோடையில் தப்பியது அவள் வீட்டுக்கு எதிரே கரையில் நிற்கும் ஒற்றை வேம்பு மட்டும். பல் விளக்கக் குச்சி ஒடிக்க யார் கை நீட்டினாலும் வீட்டுக்குள்ளிருந்தே சத்தம் வரும்: “ஏலே, கைய எடு! டவுனுல பேஸ்டு விக்கிறாக, வாங்கித் தேயி!”

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் குலுக்கினார்கள். விழுந்தது பால்சாமிக்கு. தன் வீட்டு வாசலை விட்டு நகராமல் நின்ற சூசையம்மாளை அனுப்பிவைக்க ஒரே ஒரு சீட்டு வாங்கியிருந்த மனிதர். வீக்கத்தில் திருகாணி சுலபமாக வரவில்லை. கண்ணில் நீர் முட்டக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

“தொல்ல தாங்காமத்தான் தங்கச்சி வாங்குனேன்” என்று தலையைச் சொறிந்தார் அவர்.

“ஆட்டக் கட்டிப் போடுங்கண்ணே. அது போதும்.”

மறுநாள் காலையில் முதல் லோடு தண்ணீர் வந்தது. கடைசிச் செடி வரைக்கும் கூடவே நடந்துவிட்டு, ஓய்ந்துபோய் அந்த வேம்பின் அருகே வந்து நின்றாள். ஒன்றும் போடாமல் விட்டால் காதுத் துளை தூர்ந்துவிடும். பிஞ்சுக் குச்சி ஒன்றை ஒடிக்கக் கை மேலே போனது. இலையைத் தொட்டதும் நின்றது. பிறகு வீட்டுக்குள் போய், விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி இரண்டாக ஒடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு காதில் செருகிக்கொண்டாள்.